ஏற்றம் இறைக்க ஓர் ஆள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, ஆய்வகத்தில் சால்மொனெல்லா என்று உறுதியானால், சீக்கிரமே அவர் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கும். பெரும்பாலும் மாலை நேரம். கூப்பிடுபவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவராக இருப்பார். நோய் தொடங்குவதற்கு முந்தைய வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள், எந்த உணவகத்துக்குப் போனீர்கள், நிலக்கடலை வெண்ணெய் என்றால் எந்த பிராண்ட், வீட்டில் ஆமையோ கோழிக்குஞ்சோ வளர்க்கிறீர்களா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். மாநிலச் சுகாதாரத் துறையில் பகுதிநேர வேலை பார்க்கும் இந்த மாணவர் படைக்கு ‘டீம் டயரியா’ என்று பெயர். பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் உணவுவழி நோய்களைத் துப்புத் துலக்குவதில் அமெரிக்காவிலேயே முன்வரிசையில் நிற்கும் மாநிலம் மினசோட்டா.

2008 கோடையில் நாடு முழுக்க சால்மொனெல்லாவின் அரிய வகை ஒன்று பரவியது. ஆரம்ப விசாரணை தக்காளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சில வகைத் தக்காளியைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று ஜூன் மாதத்தில் மத்திய உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. உணவகங்கள் தக்காளியை ஒதுக்கின. ஃப்ளோரிடா விவசாயிகள் பெரும் நட்டப்பட்டார்கள். அந்த மாதக் கடைசியில் மினசோட்டாவில் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட சிலருக்கு நோய் கண்டது. மாநிலத் துறையினர் நோயுற்றவர்களையும், அங்கேயே சாப்பிட்டும் நோயுறாதவர்களையும் கூப்பிட்டு, தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். உணவின் மேல் தூவியிருந்த ஹாலப்பீனோ பச்சைமிளகாய் சிக்கியது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போனவர்கள் டெக்சாஸ் கிடங்கு ஒன்றையும், அங்கிருந்து மெக்சிகோ பண்ணையையும் எட்டினார்கள். அதற்குள் ஏறக்குறைய 1,500 பேர் நோயாளிகள் ஆகியிருந்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நிலக்கடலை வெண்ணெய். 46 மாநிலங்களில் 714 பேருக்கு நோய், ஒன்பது மரணங்கள் வரை. அதிலும் ஒரு டப்பா வெண்ணெயில் கிருமியை முதலில் கண்டுபிடித்துச் சொன்ன இடங்களில் மினசோட்டா முக்கியமானது. அந்த வெண்ணெயைத் தயாரித்த நிறுவனத்தின் முதலாளி 2015-இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இந்த வேலையில் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. போன வாரம் சாப்பிட்டது ஓரளவு நினைவிருக்கும். மூன்று வாரம் போனால் அம்மியில் அரைத்ததா மிக்சியில் அரைத்ததா என்பதே மறந்துவிடும். எனவே உடனே கூப்பிட வேண்டும்; வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருக்கும் மாலைப் பொழுதில் கூப்பிட வேண்டும். கூப்பிட ஆள் வேண்டும். மினசோட்டா அரசு அந்த ஆட்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுக்கிறது.

உலகின் பல இடங்களில் இதே வயது மாணவர்கள் இதே மாதிரி வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அதற்கு ‘இன்டர்ன்ஷிப்’ என்றும் ‘அனுபவம்’ என்றும் பெயர். யாராவது சம்பளப் பேச்சை எடுத்தால், சுகாதாரத் துறைக்கு வந்துவிட்டுக் காசு கேட்பதா, இது தொண்டு அல்லவா என்ற கேள்வி எழும். அடிப்படையில் இது பட்ஜெட் கேள்வி. ஆனால் காவி, வெள்ளை, பச்சை என்று ஏதாவதொரு மதத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வரும். ஆகவே அந்த உடுப்பையே முதலில் பார்க்கலாம். நோய் தீர்ப்பவர் கூலி வாங்கலாமா என்று மதங்களும் தத்துவங்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கின்றன. கணக்கு அதிகாரிகள் நினைப்பதைவிட அவற்றின் பதில் சுவையானது.

கூலிக்கு எதிரான வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிகிச்சையைச் சரக்காக விற்கும் வைத்தியன் பொன்னை விட்டுப் புழுதியை அள்ளுகிறான் என்கிறது சரக சம்ஹிதை. உயிர்களிடம் கொண்ட இரக்கத்துக்காகச் செய்பவனே மேலானவன் என்பது அதன் தீர்ப்பு. புத்தருக்கு மருத்துவம் பார்த்த ஜீவகர் பணக்கார நோயாளிகளிடம் பெரும் தொகை வாங்கினார். புத்தருக்கும் சங்கத்துக்கும் இலவசமாகப் பார்த்தார். இலவசம் என்றதும் என்ன நடந்தது என்பதையும் விநய பிடகம் ஒளிக்காமல் சொல்கிறது: ஜீவகரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்வதற்காகவே நோயாளிகள் துறவு பூண்டார்கள். குணமானதும் சீவரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் குறிப்பிட்ட ஐந்து நோய்கள் உள்ளவர்களுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று புத்தர் விதி செய்ய வேண்டியதாயிற்று.

பிளேட்டோ இதை வேறு கோணத்தில் பிடிக்கிறார். ‘குடியரசு’ முதல் புத்தகத்தில் சாக்ரடீஸ், வைத்தியன் என்பவன் நோய் தீர்ப்பவனா, பணம் சேர்ப்பவனா என்று கேட்கிறார். அவர் கண்ட விடை நுட்பமானது. நோய் தீர்ப்பது ஒரு கலை. கூலி ஈட்டுவது தனியாக இன்னொரு கலை. ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருக்கலாம். அதனால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. வைத்தியன் கூலி வாங்காமல் பார்த்தாலும் நோயாளிக்கு நன்மைதான். கூலி வாங்கியதால் அந்த நன்மை குறைந்துவிடவும் இல்லை. பிறருக்கு நன்மை செய்வதே ஒரு கலையின் இயல்பு என்பதால்தான் செய்பவனுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர் மேலும் சொல்கிறார். தனக்கே லாபமான வேலைக்கு எவனும் கூலி கேட்க மாட்டான்.

கிறிஸ்தவ மரபில் இரண்டு பக்கமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை ஊர்களுக்கு அனுப்புகிறார். நோயாளிகளைக் குணமாக்குங்கள், இலவசமாகச் செய்யுங்கள் என்கிறார். மறு மூச்சில், வேலை செய்பவன் தன் உணவுக்கு உரியவன் என்றும் சொல்லிவிடுகிறார். தொண்டைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

யூத மரபு இந்த முடிச்சை மிகப் பொறுமையாக அவிழ்த்திருக்கிறது. தீர்ப்புச் சொல்லக் கூலி வாங்கினால் அந்தத் தீர்ப்பே செல்லாது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரே போடாகப் போடுகிறது. நீதியும் போதனையும் இறைவன் இலவசமாகக் கொடுத்தவை, விற்கக் கூடாது. ஆனால் நீதிபதியும் சாப்பிட வேண்டுமே! மூன்றாம் நூற்றாண்டுப் பாபிலோனில் வாழ்ந்த ராவ் ஹூனா வயலுக்கு நீர் இறைத்துப் பிழைத்தவர். வழக்கோடு யாராவது வந்தால், என் இடத்தில் நின்று நீர் இறைக்க ஓர் ஆளைக் கொடுங்கள், வந்து தீர்ப்புச் சொல்கிறேன் என்பாராம். தீர்ப்புக்கு அவர் காசு கேட்கவில்லை. அவர் எழுந்து வந்தால் ஏற்றம் நின்றுவிடும், பயிர் வாடும். அதற்குத்தான் ஆள் கேட்டார். கர்னா என்ற இன்னொருவர், கிடங்குகளில் திராட்சை ரசத்தை முகர்ந்து பார்த்து எது கெடாமல் தாங்கும் என்று சொல்லிச் சம்பாதித்தவர். அவர் வழக்கின் இரு தரப்பிடமும் சம அளவு வாங்கிக்கொண்டாராம். அந்த நேரத்தில் தான் பார்க்க முடியாமல் போகும் வேலைக்கான ஈடு அது. யாருக்கும் சாயவில்லை என்பதற்கு இரு தரப்பும் கொடுத்ததே சாட்சி.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ராம்பான் என்று அழைக்கப்படும் நாக்மனிடீஸ் இதை வைத்தியர்களுக்கு நீட்டினார். தம் அறிவுக்கு வைத்தியர் விலை வைக்கக் கூடாது. உடல் சிரமத்துக்கும் செலவான நேரத்துக்கும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் வெகு முன்பே, மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்மூத் வழக்கொன்றில் இன்னும் காரமாகப் பேசியிருந்தது. ஒருவன் இன்னொருவனைக் காயப்படுத்திவிட்டு, இலவசமாகப் பார்க்கும் வைத்தியர் ஒருவரைக் கூட்டி வருகிறேன் என்கிறான். காயப்பட்டவன் மறுக்கலாம்; சும்மா பார்க்கும் வைத்தியம் சும்மாதான் என்பது அவன் வாதம். நோயாளியின் பக்கம் நின்று எழுந்த குரல் என்பதால் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இஸ்லாமிய வரலாற்றில் அபூபக்ர் கதை. கலீபாவாகப் பொறுப்பேற்ற மறுநாள் காலையில் அவர் தோளில் துணிகளைப் போட்டுக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்பினார். வழியில் தோழர் உமர் தடுத்தார். குடும்பத்துக்கு எப்படிச் சோறு போடுவது என்று கேட்டார் அபூபக்ர். பொதுக் கருவூலத்திலிருந்து அவருக்கு ஒரு தொகை நிர்ணயித்தார்கள். இறக்கும் தறுவாயில், தாம் வாங்கியதைத் தம் சொத்தை விற்றுத் திருப்பிக் கட்டிவிடும்படி அவர் சொன்னதாகவும் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. கிறிஸ்தவத் திருத்தூதர் பவுலும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், ஊழியன் ஊழியத்தால் பிழைக்க உரிமை உண்டு என்று போர்வீரன், தோட்டக்காரன், மேய்ப்பன் என உதாரணங்களை அடுக்கி வாதாடுகிறார். வாதத்தில் வென்ற பிறகு, அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்று விலகிக்கொள்கிறார். அவர் கைத்தொழில் கூடாரம் செய்வது.

இரண்டு கதைகளிலும் வரிசை ஒன்றுதான். முதலில் கூலி முன்னால் வைக்கப்படுகிறது. அப்புறம் அவர் அதை விட்டுக்கொடுக்கிறார். துறப்பது அவர் செயல். உமர் போய், இது இறைப்பணி, உமக்கு எதற்குக் காசு என்று கேட்கவில்லை.

நம் நாட்டில் இந்த இடத்தில் கீதை வந்து நிற்கும். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பதுதானே அதன் சாரம், அப்புறம் என்ன உதவித்தொகை என்பார்கள். கண்ணன் அதைச் சொன்னது போரிட நின்ற அர்ஜுனனிடம். வேலை வாங்கும் அரசனைப் பார்த்து, உன் ஆட்கள் பலனை எதிர்பார்க்கக் கூடாது, ஆகவே படி அளக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. பற்றை விடு என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். குரு சீடனுக்குச் சொல்லலாம். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் சொன்னால் அது ஆன்மிகம் ஆகாது, சிக்கனம். அடுத்தவன் பலனைத் துறப்பதற்கு எந்த யோகமும் தேவையில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் இது தொடர்பாக ஒரு விசித்திரம் உண்டு. மத்திய அரசு யாரிடமும் இலவச உழைப்பை வாங்கக் கூடாது என்று 1884-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அன்றைய அலுவலகங்கள் எழுத்தர்களைக் கூடுதல் நேரம் ‘விருப்பத்தின் பேரில்’ உட்கார வைத்தன. பிறகு அவர்கள் நாடாளுமன்றத்தில் வந்து காசு கேட்டார்கள். தொல்லை வேண்டாம் என்று கதவை அடைத்தார்கள். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் விலக்கு. தர்ம நோக்கம் எதுவுமில்லை, வெறும் கணக்குப் பிரச்சினை. ஆனாலும் ராவ் ஹூனா ஒப்புக்கொண்டிருப்பார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து 1978-இல் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சட்டம் அந்தக் கதவில் ஓர் ஓட்டை போட்டது: மாணவர்களிடம் இலவசமாக வேலை வாங்கலாம். படிக்கிற பிள்ளைகள், அனுபவம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த ஓட்டை வழியாக ஒரு தலைமுறையே உள்ளே போய் வந்தது. வெள்ளை மாளிகையில் இன்டர்ன்களுக்கு முதன்முறையாகச் சம்பளம் கொடுத்தது 2022 இலையுதிர் காலத்தில், வாரம் 750 டாலர்.

பொதுச் சுகாதாரத் துறை மட்டும் இதில் கொஞ்சம் முன்யோசனையோடு நடந்துகொண்டது. 1951-இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய தொற்றுநோய் நுண்ணறிவுச் சேவையில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு ஆரம்பம் முதலே சம்பளம். அதன் சின்னம், அடியில் ஓட்டை விழுந்த ஒரு காலணி. வீடு வீடாக நடந்தே நோயைத் தேட வேண்டும் என்பது பொருள். நடந்தவர்கள் காலணி வாங்கக் காசு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை மாணவர்களையே சில மாதங்களுக்கு இளநிலை அதிகாரிகளாக அமர்த்தி, அந்தப் பதவிக்குரிய ஊதியம் கொடுக்கும் திட்டத்தையும் நடத்தி வந்திருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. எல்லோருக்கும் சுகாதாரம் என்பது அதன் முழக்கம். இடம் ஜெனீவா, உலகின் மிகச் செலவான நகரங்களில் ஒன்று. அங்கே வரும் இன்டர்ன்களுக்கு 2020 வரை ஊதியம் இல்லை. 2015-இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஐ.நா. இன்டர்னாக வந்து, வாடகை கட்ட வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய படம் உலகச் செய்தியானது. கவனத்தை ஈர்க்கவே அப்படிச் செய்ததாக அவரே பின்னால் ஒத்துக்கொண்டார். நாடகம்தான். ஆனால் நாடகத்தில் காட்டிய வாடகை நிஜம். 2018-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது: இன்டர்ன்களுக்கு நிதியுதவி வேண்டும், 2022-க்குள் அவர்களில் பாதிப்பேராவது நடுத்தர வருமான, மிகப் பின்தங்கிய நாடுகளிலிருந்து வர வேண்டும். ஏழை நாட்டு நோய்களைப் பற்றிப் பேசும் மேசையில் ஏழை நாட்டுப் பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்கள் என்பதை ஒரு நிறுவனம் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக அந்தத் தீர்மானத்தைப் படிக்கலாம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தைக் கேட்காமல் போனால் நியாயமில்லை. ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் எழுதிய ‘த கிஃப்ட் ரிலேஷன்ஷிப்’ நூலில் பிரிட்டனின் இலவச இரத்ததானத்தையும் அமெரிக்காவின் இரத்த விற்பனையையும் ஒப்பிட்டார். காசு நுழைந்த இடத்தில் கொடை மனம் மெலிகிறது, இரத்தமும் கெடுகிறது என்றார். இந்தியாவும் அந்தப் பாதையைத்தான் எடுத்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி முதல் இரத்தத்தை விலைக்குக் கொடுப்பது இங்கே தடை. பிறகு 2000-இல் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் இஸ்ரேலில் நடத்திய ஆய்வு வந்தது. பள்ளி மாணவர்களை மூன்று குழுக்களாக நன்கொடை வசூலுக்கு அனுப்பினார்கள். முதல் குழுவுக்கு உற்சாகப் பேச்சு மட்டும். இரண்டாவதுக்கு வசூலில் ஒரு சதவீத அளவு பணம், மூன்றாவதுக்குப் பத்து சதவீத அளவு. பேச்சு மட்டும் கேட்டுவிட்டுப் போன குழுதான் அதிகம் வசூலித்தது. ஒரு சதவீதக் குழு மிகவும் பின்தங்கியது. காசு கொடுத்தால் மனசு போய்விடும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் என்ன விலைக்கு எது விற்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். இரத்தம் கொடுக்க அரை மணி நேரம். உடம்பு அதைத் திரும்பச் சுரந்துகொள்ளும். கோடைகால இன்டர்ன்ஷிப் இரண்டு மூன்று மாதம். அந்த மாதங்களில் சம்பாதித்திருக்க வேண்டிய கல்லூரிக் கட்டணம் திரும்பச் சுரக்காது. இஸ்ரேல் மாணவர்களுக்குக் கொடுத்ததும் கமிஷன்தான்: இவ்வளவு வசூலித்தால் இவ்வளவு. தொண்டை ஒவ்வொரு உருப்படியாக எண்ணி விலை போட்டார்கள், மனம் சுருங்கியது. ராவ் ஹூனா கேட்ட ஆள் தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் நீர் இறைப்பான்.

உருப்படிக்கு விலை போடும் முறைக்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய ஆஷா என்ற சமூகச் சுகாதாரப் பணியாளர் திட்டத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பெண்கள். அரசுக் கோப்பில் அவர்கள் ‘தன்னார்வலர்கள்’. மருத்துவமனைப் பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசி முழுமையானால் இவ்வளவு என்று அவர்கள் வருமானத்தின் பெரும்பகுதி ஊக்கத்தொகையாக வருகிறது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. தொண்டு என்ற பெயரும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும், சம்பளம் மட்டும் வேண்டாம் என்றால் இந்த வடிவம்தான் கிடைக்கும். டிட்மஸ் பயந்ததும் ராவ் ஹூனா தவிர்த்ததும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

சம்பளமில்லாத பயிற்சி வாசலில் நின்று ஆட்களைப் பொறுக்குகிறது என்பதும் இருக்கிறது. தகப்பனார் வாடகை கட்டும் பிள்ளை உள்ளே வரும். தகப்பனாருக்கே வாடகை கட்ட வேண்டிய பிள்ளை ஏதாவது கடையில் பில் போடப் போகும். மற்றத் துறைகளில் இது அநியாயம் மட்டுமே. பொதுச் சுகாதாரத்தில் வேலையே கெடும். மினசோட்டாவில் சோமாலிய, மோங் சமூகத்தினர் பெருமளவில் வாழ்கிறார்கள். 2017-இல் அங்கே 75 பேருக்குத் தட்டம்மை வந்தது, பெரும்பாலும் சோமாலிய வம்சாவளிக் குழந்தைகளுக்கு. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பொய்ப் பிரசாரம் அந்தச் சமூகத்துக்குள் பல ஆண்டுகளாக நடந்திருந்தது. அப்படியொரு வீட்டில் போய்த் தாயோடு அவள் மொழியில் உட்கார்ந்து பேச எந்தப் பிள்ளையால் முடியும்? அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளையால். அகதியாக வந்த குடும்பத்தின் அந்தப் பிள்ளையால் கோடை முழுவதும் சும்மா வேலை செய்ய முடியாது.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சி மருத்துவராக இருப்பவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் அவர்கள் தொகையை உயர்த்தக் கேட்டுப் போராடுவதும், அரசு ஏற்றிக் கொடுப்பதும் அவ்வப்போது நடக்கும் செய்தி. பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறவர் அந்த விதிக்குள் வரமாட்டார். டெங்குக் காலத்தில் கொசுப்புழுத் தேடித் தெருத் தெருவாகப் போகும் பயிற்சியும், ஆரம்பச் சுகாதார நிலையத்தின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் பயிற்சியும் அவருக்குப் பாடத்தின் பகுதி. பேருந்துக் கட்டணம் அவர் வீட்டுக் கணக்கு.

பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939-லேயே தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. அதற்கென்று தனி இயக்குநரகத்தையும் விடாமல் வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. இந்த மாணவர்களை மாவட்டச் சுகாதார அலுவலகங்களில் சம்பளத்தோடு அமர்த்த இதைவிடத் தயாரான இடம் இந்தியாவில் இல்லை. துறை அதைச் செய்ய வேண்டும். செய்யும்போது தலைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணாமல் மாதச் சம்பளமாக, முதல் தேதியிலேயே கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க விரும்பும் மாணவர் யாராவது இருந்தால், கருவூலத்தில் அதற்கும் செலான் உண்டு.